ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லவில்லை

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தங்கச்சி. எனக்குக் காத்து மூஞ்சில அடிச்சா தலைவலி வந்துரும். பஸ் ஸ்டாண்டுல ஒங்கள ஏத்திவிட்டுட்டுப் போச்சே ஒரு பிள்ளை, வெள்ளைக் கோட்டக் கையில மடிச்சுப் போட்டுக்கிட்டு, அது ஒங்க மவளா? நர்சிங்தான? எத்தனாவது வருசம்? மூணாவதா. நல்லாருக்கட்டும். நடையிலயே தெரிஞ்சிட்டு எனக்கு. நர்சிங் படிக்க பிள்ளைய நடக்க மாட்டாவ, ஓடுவாவ. நானும் அப்படி ஓடினவதான்.

நான் இங்கிலாந்துல இருக்கேன். இருபத்தோரு வருசம் ஆச்சு. வயசானவங்க வார்டு, இருபத்தெட்டு கட்டில். அந்த வார்டுக்கு நான்தான் மேனேஜர். பெருமைக்குச் சொல்லல. பெருமைக்குச் சொல்லலன்னு சொல்லுதவ எல்லாம் பெருமைக்குத்தான் சொல்லுவா, அது வேற.

ஒங்க மவள அனுப்பணும்னு நெனைக்கியளா? அதான பாத்தேன். லீவுக்கு வந்து எட்டு நாளாச்சு, இதே கேள்விய ஒரு முப்பது பேரு கேட்டாச்சு. எல்லார்ட்டயும் நல்லபடியா நாலு வார்த்தை சொல்லி அனுப்பிட்டேன். ஒங்களை இனிமே பாக்கப் போறதில்ல, ஒங்களுக்கு மட்டும் உள்ளத உள்ளபடி சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

மொதல்ல இங்கிலீஷ் பரீட்சை. கேக்கது, வாசிக்கது, எழுதது, பேசது, நாலு பகுதி. நாலுலயும் அவங்க சொல்லுத மார்க்கு வாங்கணும். மூணுல வாங்கி ஒண்ணுல அரை மார்க்கு கொறைஞ்சாலும் போச்சு. அது பாஸான பெறவு கம்ப்யூட்டர்ல ஒரு பரீட்சை. அதுக்குப் பெறவு அங்க போயி ஒரு பரீட்சை, அதான் வேடிக்கை. கட்டில்ல ஒரு பொம்மையப் படுக்க வச்சிருப்பாவ. சில கட்டில்ல நோயாளி மாதிரி நடிக்கதுக்கு ஆளு படுத்திருக்கும். நம்ம என்ன செய்யுதோமோ அத வாயால சொல்லிக்கிட்டே செய்யணும். 'நான் இப்ப கை கழுவுதேன். நான் இப்ப ஒங்க பேரக் கேக்கப் போறேன். ஒங்களுக்கு ஏதாச்சும் மருந்து ஒத்துக்கிடாதா?' இங்க நம்ம ஆஸ்பத்திரியில ஒருத்தி நாப்பது பேரப் பாப்பா. வாயத் தெறக்க அவளுக்கு நேரம் ஏது? கை மட்டும்தான் ஓடும். அங்க கை ஓடினாப் போதாது, வாயும் ஓடணும். பன்னெண்டு வருசம் ஆபரேசன் தியேட்டர்ல நின்ன ஒரு பிள்ளை, கை கழுவினா, ஆனா கழுவுதேன்னு சொல்லல. ஃபெயில் ஆக்கிட்டாவ.

இதெல்லாம் பாஸாகாதவிய என்ன செய்வாவ? ஒதவியாளரா வருவாவ. ஹெல்த்கேர் அசிஸ்டெண்ட்னு பேரு. குளிப்பாட்டி விடணும், ஊட்டி விடணும், திருப்பிப் படுக்க வைக்கணும், பிரஷரு, நாடி, காய்ச்சல் பாத்து எழுதணும். மாத்திரையத் தொடக் கூடாது. ஊசியத் தொடக் கூடாது. நம்ம ஊருல ஐசியூவ ஒத்தையில சமாளிச்சவ எல்லாம் அங்க டீ கலக்கிக் குடுத்துக்கிட்டு இருக்கா. அவங்களுக்கும் டிரெயினிங் உண்டு. தடியா ஒரு புஸ்தகம் தருவாவ, பதினஞ்சு பாடம். கை எப்படிக் கழுவணும், தண்ணி எப்படிக் குடுக்கணும், நோயாளிக்கிட்ட மரியாதையா எப்படி நடக்கணும். ஒவ்வொரு பாடத்துக்கும் கீழ மேனேஜர் கையெழுத்து போடணும், 'இவளுக்கு இது தெரியும், நான் கண்ணால பாத்தேன்'னு.

நான் அப்படி ஒருத்திக்குப் பதினஞ்சு பாடத்துக்கும் கையெழுத்து போட்டேன். கை கழுவத் தெரியும்னு போட்டேன். தண்ணி குடுக்கத் தெரியும்னு போட்டேன். மதுரையில ஒம்போது வருசம் ஐசியூல சிஸ்டரா இருந்தவ அவ. என் முன்னால நின்னு கைய நீட்டி, வெரலிடுக்கெல்லாம் தேச்சுக் காட்டினா. எனக்குச் சிரிப்பாணி தாங்கல. அவளும் சிரிச்சா. பதினஞ்சுக்கும் போட்ட கையி, பதினாறாவதா அவ ஒரு கையெழுத்து கேட்டப்ப போடல. அதத்தான் சொல்ல வந்தேன்.

பேரா? பியூலா. பியூலா ஜெயசீலி.

தண்ணி வேணுமா? இந்தாங்க. ரோடு இப்பவும் அப்படியேதான் கெடக்கு பாருங்க, வயித்தப் பெரட்டத்தான் செய்யும்.

அவ எங்க வார்டுக்கு வந்து ஒண்ணரை வருசம் ஆகுது. மொத நாளு, டீ ரூம்ல தனியா உக்காந்து டப்பாவத் தெறந்தா. பொடி போட்டுப் பெரட்டின இட்லி. அந்த வாசம் வந்ததும் நான் என் ரூமை விட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். எந்த ஊருன்னு கேட்டேன். நம்ம பக்கந்தான்னு சொன்னா. தங்கச்சி, அந்த ஊருல இருபது வருசமா நான் தமிழ் பேசினது போன்ல மட்டுந்தான். வீட்டுக்காரரு மலையாளி. பிள்ளைய ரெண்டும் இங்கிலீஷ்ல பேசி இங்கிலீஷ்லயே சண்டை போடும். எனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னா, வாய்க்குப் போட்ட வெலங்கக் கழட்டி விட்ட மாதிரி இருந்துச்சு.

பெறவு என்ன, எப்பவும் தமிழ்தான். வார்டுல நடந்துக்கிட்டே தமிழ், ரிப்போர்ட் குடுக்கயில தமிழ், யாரப் பத்தியாவது பொரணி பேசணும்னா அது சுத்தத் தமிழ். யாருக்கும் வெளங்காதுல்லா? அது ஒரு சொகம். இருபது பேரு நடுவுல நின்னுக்கிட்டு ரகசியம் பேசலாம். அவ மொதல்ல தயங்கினா. 'அக்கா, வார்டுல இங்கிலீஷ்லதான் பேசணும்னு நோட்டீசு போட்டிருக்கே'ன்னா. 'நோட்டீசு ஒட்டினதே நான்தான்ட்டி, நீ பேசு'ன்னேன். இத நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க. அவ ஆரம்பிக்கல, நான்தான் ஆரம்பிச்சேன்.

அவளுக்கு ரெண்டு பிள்ளைய. மூத்தவளுக்குப் பதினாலு. சின்னவனுக்கு ஒம்போது. அவ வந்த விசாவுல பிள்ளைகளக் கூட்டிட்டு வர முடியாது. நர்ஸா பதிஞ்சாத்தான் முடியும். பிள்ளைய வீட்டுக்காரர்ட்டயும் மாமியார்ட்டயும் வளருது. மூத்தவ பெரிய மனுசியானத வீடியோவுல பாத்தா. எங்க வார்டுல போர்வை, விரிப்பு அடுக்கி வைக்க லினன் ரூமுக்குள்ள நின்னு பாத்தா. வெளிய வந்து மூஞ்சியக் கழுவிட்டு, ஆறாம் நம்பர் கட்டில் பாட்டிக்குத் தலை சீவி விட்டா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

இங்கிலீஷ் பரீட்சைல மூணு பகுதி பாஸ். எழுதுததுல மட்டும் கொஞ்சம் கொறைஞ்சிட்டு. அதுக்கு இப்ப ஒரு வழி இருக்கு, எங்க காலத்துல கெடையாது. கொஞ்சமா மார்க்கு கொறைஞ்சவியளுக்கு, வேலை பாக்க எடத்துல ஒரு வருசம் கூட இருந்து பாத்த மேனேஜர் ஒரு சர்டிபிகேட் பாரம் எழுதிக் குடுக்கலாம். 'இவ நோயாளிக்கிட்டயும் கூட வேலை பாக்கவியகிட்டயும் இங்கிலீஷ்ல நல்லாப் பேசுதா, எழுதுதா, நான் பாத்திருக்கேன்'னு. இன்னொரு பெரிய நர்சும் கீழ கையெழுத்து போடணும். அத அவ மொதல்லயே வாங்கிட்டா. என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. கிறிஸ்மஸ் கழிஞ்ச மறுவாரம், ஒரு வருசம் முடிஞ்ச மறுநாளே, பாரத்தக் கொண்டாந்து குடுத்தா. பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு, எங்க போடணும்னு பென்சில்ல புள்ளி வச்சு.

நான் 'பாக்கேன்ட்டி'ன்னு வாங்கி வச்சேன்.

ஏன் போடலன்னு கேப்பிய. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அப்ப வேலை அதிகம். அது உண்மை. அவ நர்ஸாயிட்டா வேற வார்டுக்கு மாத்திருவாவ, அவள மாதிரி ஒரு ஒதவியாளர் எனக்குக் கெடைக்க மாட்டா. அதுவும் உண்மை. பெறவு இன்னொண்ணும் உண்டு. நான் அங்க போன புதுசுல நாலு வருசம் முதியோர் இல்லத்துல மூத்திரத் துணி அலசினேன் தங்கச்சி. இங்கிலீஷ் பரீட்சை அஞ்சு தடவை எழுதினேன். எனக்கு எவளும் பாரம் எழுதித் தரல. இவளுக்கு மட்டும் ஒரு கையெழுத்துல வேலை முடிஞ்சிரணுமான்னு நெனைச்சேன். நெனைச்சேன்னுகூட சொல்ல முடியாது. பாரத்தக் கையில எடுப்பேன், மனசு ஒரு மாதிரி சுருங்கும், திரும்ப வச்சிருவேன். மருமவளா இருந்து பட்டவதான் மாமியாரானதும் படுத்துவாங்கது சும்மா இல்ல.

அவ ஒரு தடவைகூட நெருக்கல. வாரத்துக்கு ஒருக்க, போயிட்டு வாரேன்னு சொல்ல வருவா, கண்ணு மட்டும் மேசைப் பக்கம் போகும். அவ்வளவுதான்.

அப்பத்தான் பிப்ரவரி மாசம் அது நடந்துச்சு.

எண்பத்தோரு வயசுல ஒரு பெரியவரு. கோல்மேன்னு பேரு. இடுப்பெலும்பு ஒடிஞ்சு ஆபரேசன் முடிஞ்சு எங்ககிட்ட வந்தாரு. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், சொந்தக்காரங்க பாக்க வார நேரம். மறுநாளு எங்க வார்டுல இன்ஸ்பெக்சன். நான் எட்டு ஃபைலக் கையில வச்சுக்கிட்டு நடைபாதையில நிக்கேன். பியூலா வந்தா. 'அக்கா, கோல்மேன் ஐயாவுக்கு பிரஷரு, நாடி நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஆளு சரியில்லக்கா. முட்டியில தோலு திட்டுத் திட்டா நெறம் மாறியிருக்கு. காலையில இருந்து யூரின் போகல. போர்வையப் பிச்சுக்கிட்டே இருக்காரு. இது உள்ள கிருமி ஏறுத மாதிரி இருக்கு, டாக்டரக் கூப்பிடுங்கக்கா'ன்னா.

வார்த்தைக்கு வார்த்தை இதான் சொன்னா. எனக்கு ஒரு எழுத்து மறக்கல.

நான் என்ன சொன்னேன்? 'நம்பரு சரியா இருக்குல்லா? பெறவு என்ன? நீ இப்ப ஐசியூ சிஸ்டர் இல்லட்டி. போயி டீ வண்டியத் தள்ளு'ன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவளும் சரிக்கான்னுட்டுப் போனா. ஆனா டீ வண்டியத் தள்ளிக்கிட்டே அந்தக் கட்டில் பக்கம் நாலு தடவை போனா. அதையும் பாத்தேன்.

நாலரை மணிக்கு அவருக்கு பிரஷரு அப்படியே எறங்கிட்டு. ஓடினோம். ஐசியூக்குக் கொண்டு போனாவ. பதினோரு நாளு கெடந்து பொழைச்சாரு. பொழைச்சாரு, ஆனா வீட்டுக்குப் போகல. சிறுநீரகம் ரெண்டும் கெட்டு, இப்ப முதியோர் இல்லத்துல இருக்காரு. அவரு மவ வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. 'எங்க அப்பாவுக்குச் சரியில்லன்னு மொதல்ல யாருக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?'

விசாரணை வச்சாவ. அந்த ஊருல விசாரணைன்னா சத்தம் கித்தம் கெடையாது. டீயும் பிஸ்கட்டும் வச்சு, மெதுவாக் கேப்பாவ. அதான் பயமே. ரெண்டு மணிக்கு நாங்க பேசினப்ப பக்கத்துல மருந்து வண்டியோட ஒரு ஸ்டூடண்ட் நர்ஸ் நின்னுச்சு. அதக் கேட்டாவ. 'அவங்க ரெண்டு பேரும் என்னமோ பேசினாங்க, அவங்க பாஷையில. எனக்கு வெளங்கல'ன்னு சொல்லிச்சு. பாவம், உண்மையத்தான் சொல்லிச்சு.

எங்கிட்ட எழுதிக் கேட்டாவ. நான் வீட்டுல, அடுப்படி மேசையில உக்காந்து எழுதினேன். வீட்டுக்காரரு பக்கத்துல உக்காந்திருந்தாரு. ஒரே ஒரு வரிதான். 'உதவியாளர் தன் கவலையை எனக்கு ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லவில்லை.'

இதுல பொய் எங்க இருக்கு, சொல்லுங்க. இங்கிலீஷ்ல சொன்னாளா? இல்ல. அப்ப உண்மைதான? நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் எழுதினேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கதுன்னா இதான். ஆனா ஒவ்வொரு பருக்கையும் உண்மைன்னு சத்தியம் பண்ணுவேன்.

அவளுக்குத் தண்டனைன்னு ஒண்ணும் குடுக்கல. அங்க அந்தப் பேச்சே கெடையாது. டிரெயினிங் குடுத்தாவ. நோயாளிக்குச் சரியில்லன்னா அத எப்படிச் சொல்லணும்னு, மூணு புதன்கிழமை கிளாசு. மொதல்ல என்ன நெலமை, பெறவு முன்கதை, பெறவு நீ என்ன நெனைக்க, கடைசியில என்ன செய்யணும்னு சொல்லுத. இந்த வரிசையில சொல்லணுமாம். அன்னைக்கு அவ தமிழ்ல சொன்னத எடுத்துப் பாருங்க, அதே வரிசைதான். நம்பரு சரியா இருக்கு, ஆளு சரியில்ல, கிருமி ஏறுது, டாக்டரக் கூப்பிடுங்க. வாத்தியாரே அதவிட நல்லாச் சொல்லியிருக்க மாட்டாரு. மூணு புதன்கிழமையும் போயிட்டு வந்து சர்டிபிகேட்ட எங்கிட்டக் காட்டினா. 'நல்லாச் சொல்லிக் குடுத்தாவக்கா, எனக்குத் தேவைதான்'னா.

அந்த வரிய நான் எழுதினேன்னு அவளுக்குத் தெரியாது. ஸ்டூடண்ட் சொன்னதுனாலன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நெனைச்சுக்கிட்டு இருக்கா.

இதோட நின்னிருந்தாக்கூட நான் எப்படியாவது ஒறங்கிருப்பேன். ஏப்ரல்ல விசாரணை அறிக்கை முழுசும் வந்துச்சு. மேனேஜருக்கு மட்டும் ஒரு காப்பி. அதுல அவ சொன்னதையும் போட்டிருந்தாவ. என்ன சொல்லியிருப்பா? 'அக்காட்ட சொன்னேன், அவ டீ வண்டியத் தள்ளச் சொன்னா'ன்னுதான சொல்லியிருக்கணும்? நானா இருந்தா அதத்தான் சொல்லியிருப்பேன். அவ சொல்லியிருக்கா, 'நான் பழக்கதோஷத்துல எங்க பாஷையில சொல்லிட்டேன். சிஸ்டர் வேலையா இருந்தாங்க, சத்தத்துல அவங்களுக்குக் கேட்டிருக்காது. நான் இங்கிலீஷ்ல இன்னொரு தடவை சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது'ன்னு.

என்னக் காப்பாத்தியிருக்கா தங்கச்சி. நான் அவளத் தள்ளிவிட்ட அதே விசாரணையில உக்காந்து, அவ என்னக் காப்பாத்தியிருக்கா. எனக்குக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சுன்னு அவளுக்கும் தெரியும், நான் பதில் சொன்னேன்ல்லா? ரெண்டு பேரும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கோம்.

இப்ப பாரத்துக்கு வாங்க. 'இவ இங்கிலீஷ்ல தெளிவாப் பேசுவா'ன்னு இப்ப நான் எப்படிக் கையெழுத்து போட? விசாரணையில தெளிவாச் சொல்லலன்னு எழுதினவ நான்தான. ரெண்டுல எது உண்மைன்னு கேப்பாவல்லா? போடணும்னா அந்த வரிய மாத்தி எழுதணும். மாத்தி எழுதினா, 'அவ சொன்னா, எனக்குப் புரிஞ்சுச்சு, நான் கேக்கல'ன்னு எழுதணும். என் வேலை, என் பதிவு, இருபத்தோரு வருசம், எல்லாம் அதுல கெடக்கு. ரிட்டையராக இன்னும் ஏழு வருசம் இருக்கு எனக்கு.

அதனால அவகிட்ட ஒரு கதை சொன்னேன். ஆஸ்பத்திரியில புது உத்தரவு, மேனேஜருங்க யாரும் அந்தப் பாரத்துல கையெழுத்து போடக் கூடாதாம்னு. 'மேலிடத்துல வேண்டாம்ங்காவட்டி, நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்'னேன். அவ 'பரவாயில்லக்கா, ஒங்களால முடிஞ்சா செய்ய மாட்டியளா'ன்னு சொல்லிட்டுப் போயி, ஒம்பதாம் நம்பர் கட்டிலுக்குத் துணி மாத்தினா.

பரீட்சை மார்க்கு ரெண்டு வருசத்துக்குத்தான் செல்லும். அடுத்த மாசம் பதினாலாம் தேதியோட முடியுது. அதுக்குள்ள பாரம் போகலன்னா நாலு பகுதியையும் மொதல்ல இருந்து எழுதணும். பெறவு கம்ப்யூட்டர், பெறவு பொம்மை. இன்னும் ரெண்டு வருசம் போயிரும். மூத்தவளுக்குப் பதினாறு ஆயிரும். அதுக்குப் பெறவு அம்மா எதுக்கு அந்தப் பிள்ளைக்கு? நானே சொல்லுதேன், என் மவளுக்குப் பதினாறுல நான் தேவைப்படல.

இப்ப எங்க போறேன்னு கேளுங்க. அவ வீட்டுக்குத்தான். நாளைக்கு மூத்தவளுக்குக் கோயில்ல திடப்படுத்தல், தலையில கை வச்சு ஜெபிச்சு சபையில சேக்கதுக்கு பிஷப்பு வாராவ. அதுக்காக ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு வந்திருக்கா. நான் ஊருக்கு வாரது தெரிஞ்சதும் ஆறு தடவை போன் பண்ணிட்டா. 'அக்கா, நீங்க வந்து நின்னாத்தான் எனக்கு நெறைவு. எங்க மாமியார்ட்ட ஒங்களப் பத்தித்தான் எப்பவும் பேச்சு'ங்கா. பிள்ளைக்கு வெள்ளை டிரெஸ் எடுத்துட்டுப் போறேன். லேசு வச்சது. கடையில நல்லது எதுன்னு கேட்டேன், கடைக்காரன் காட்டினதுலயே ஒசத்தியா எடுத்தேன். குத்தமுள்ள நெஞ்சு கடைக்குப் போனா அப்படித்தான் எடுக்கும்.

சொல்லிரலாமான்னுதான் நெனைச்சு வந்தேன். ஏரோப்ளேன்ல சொல்லிப் பாத்தேன். பாளையங்கோட்டையில அண்ணன் வீட்டு மாடியில சொல்லிப் பாத்தேன். வரமாட்டேங்கு. அங்க ஒரு நாளைக்கு நாப்பது தடவை சாரி சொல்லுதேன். கதவு இடிச்சா சாரி, தும்மினா சாரி. தமிழ்ல, என்ன விட எளையவகிட்ட, 'நான் ஒனக்குச் செஞ்சது தப்பு, மன்னிச்சிரு'ன்னு எப்படிச் சொல்ல? எங்க வீட்டுல யாரும் யார்கிட்டயும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. எங்கம்மாவுக்குத் தப்புன்னு பட்டா அன்னைக்கு மீன் கொழம்பு வைப்பா, அதோட சரி. நான் லேசு வச்ச டிரெஸ் எடுத்துட்டுப் போறேன்.

இங்க பாருங்க, ஒங்க மவகிட்ட இத மட்டும் சொல்லுங்க. அங்க போனா தமிழ் ஆளுங்ககூட சேராத, வார்டுல தமிழ் பேசாதன்னு சொல்லுங்க. அதாலதான் எல்லாம் வந்துச்சு. அவ மட்டும் அன்னைக்கு இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா?

ஏன் அப்படிப் பாக்கிய? நான் சொன்னது தப்பா?

சரி, தப்புதான். இங்கிலீஷ்ல சொல்லியிருந்தாலும் டீ வண்டியத் தள்ளுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா அந்த ஸ்டூடண்டுக்கு வெளங்கியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

என்ன, முன் சீட்டுல ரெண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பாக்காவ. நான் சத்தமாவா பேசிட்டேன்? எனக்கு அந்த நெனப்பே இல்ல. இருபத்தோரு வருசமா, தமிழ்ல பேசினா யாருக்கும் வெளங்காதுன்னு பழகிப்போச்சு. பஸ்ஸுன்னா அங்க என்ன வேணும்னாலும் பேசலாம். இது தேரிவிளைக்குப் போற பஸ்ஸு, எல்லாருக்கும் தமிழ் தெரியும்னு புத்தியில ஒறைக்கல பாத்தியளா.

நீங்க எங்க எறங்கணும்? இவ்வளவு நேரம் நான் கேக்கவே இல்ல.

தேரிவிளையா.

எந்தத் தெரு?

கோயில் தெரு. பியூலா வீட்டுல இருந்து ரெண்டு வீடு தள்ளியா. அப்ப நான் பேரச் சொன்னப்பவே ஒங்களுக்கு... அதான் நீங்க அதுக்குப் பெறவு வாயத் தெறக்கல. நான் ரோடுன்னு நெனைச்சேன்.

சொல்லுங்க, ஏதாவது சொல்லுங்க. ஏசணும்னா ஏசுங்க.

என்னது? ஒங்க மவளுக்கா? ஞாயித்துக்கிழமை தோறும் போன்லயா? பரீட்சைக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்காளா, பியூலா? எங்க டூட்டி முடிஞ்சு வந்தா நிக்கக்கூட முடியாதே, அதுக்குப் பெறவு உக்காந்து ஒங்க மவளுக்கு... எத்தன மாசமா? எட்டு மாசமா. எங்கிட்ட சொன்னதே இல்ல.

எப்படிச் சொல்லிக் குடுக்கா?

ம்.

தெளிவாச் சொல்லிக் குடுக்கான்னு ஒங்க மவ சொல்லிச்சா.

ம்.

ஸ்டாப்பு வந்துட்டா? எறங்குவோம். அந்தப் பையத் தாங்க, நான் எடுத்துத் தாரேன். பாத்து, படி ஒசரம். தங்கச்சி, ஒரு ஒதவி. யார்ட்டயும் சொல்லாதியன்னு கேக்கல. அப்படிக் கேக்க எனக்கு வாய் இல்ல. முன் சீட்டுல இருந்தவியளும் எறங்குதாவ, அவியளையும் நான் தடுக்க முடியாது. கோயிலத் தாண்டி எடது பக்கம்தான அவ வீடு? நீங்க கொஞ்சம் மெதுவா நடந்து வாங்க. அவியளையும் பேச்சுக் குடுத்து நிறுத்துங்க. நான் முன்னால போயிச் சொல்லிருதேன்.